பழைய வேலையை ஏன் விட்டோம் என்பதை விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது?

மூன்று ஆண்டில் இரண்டு வேலை மாறியவர் காரணத்தை எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். படிவத்தில் ஒரு வரி போதும்: ‘ஒப்பந்தம் முடிந்தது’, ‘ஆட்குறைப்பு’, ‘குடும்பத்தோடு ஊர் மாற்றம்’. மேலாளரைக் குறை சொல்லி எழுதவே வேண்டாம். அது உண்மையே ஆனாலும் படிப்பவருக்குச் சரிபார்க்க வழியில்லை. சந்தேகம் உங்கள் மேல்தான் விழும். சம்பளம்தான் காரணமா? ‘பொறுப்பு கூடியது, ஊதியம் கூடவில்லை’ என்று சொல்லுங்கள், தவறில்லை.

தேதிகளை மட்டும் மாற்றாதீர்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் வேலையில் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருக்கும். பின்னணிச் சரிபார்ப்பில் அதை ரிலீவிங் லெட்டரோடு (பழைய நிறுவனம் தரும் பணி விடுவிப்புக் கடிதம்) ஒப்பிடுவார்கள். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்புக்கு 2 மாதம் கழித்து, ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில் நீங்களே பதியலாம். விண்ணப்பிக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.