பதினொரு வருடம் நின்ற ஜாவா

வணக்கம் சார்,

பழைய வண்டிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்கு வயது 54. ஒரு காலத்தில் எங்கள் ஊர் ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள் குழுவில் இருந்தேன். ஞாயிறு காலை பத்துப் பன்னிரண்டு வண்டிகள் சேர்ந்து பவானிசாகர் வரை போய் வருவோம். என்னிடம் நட்புக்காக மலிவாக வாங்கிய ஒரு ஜோடி சைலன்சரை ஒருவர் மூன்று மடங்கு விலைக்கு விற்றார். அதில் மனம் விட்டுப்போய் ஒதுங்கினேன். 2014-இல் வேலைக்கு மஸ்கட் போய், இப்போதுதான் ஊர் திரும்பியிருக்கிறேன். அப்பாவின் 1969 ஜாவா பதினொரு வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. குழுவில் பாதிப் பேர் என் மகன் வயது. வண்டியைப் புதிதுபோல் ஆக்கிக்கொண்டுதான் அவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டுமா? இந்த வயதில் திரும்பிப் போவது சரிதானா?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

போங்கள். வண்டி தயாராகட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இந்த ஞாயிறே பஸ்ஸில் போய் அவர்களோடு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

புதிதுபோல் ஆக்குவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். நானும் ஆறு வருடம் ஒதுங்கியிருந்து திரும்பியவன்தான். திரும்பும்போது எல்லோரும் பார்க்க வேண்டும் என்று அப்பாவின் வண்டியை முழுசாகப் பிரித்து டிங்கரிங் பட்டறையில் விட்டேன். பழைய மெரூன் பெயிண்ட், டேங்க்கில் கையால் இழுத்த தங்கக் கோடு எல்லாம் போய்ப் பளபளவென்று வந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் சைடு பாக்ஸ் மூடியைத் திறந்து பார்த்தேன். அதன் உட்புறத்தில் அப்பா ஒவ்வொரு முறை போர் போட்டபோதும், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சரிசெய்தபோதும், ஆணியால் தேதியைக் கீறி வைத்திருந்தார். 1974, 1979, 1985. பெயிண்டை எடுக்கும்போது அதையும் தேய்த்துவிட்டார்கள். பட்டறைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. அங்கே அப்படி ஒன்று இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கீறல்களை இப்போது யாராலும் திருப்பித் தர முடியாது. அதனால்தான் சொல்கிறேன், துரு பரவுவதை நிறுத்துங்கள், ஓட வேண்டியதை ஓட வையுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். நம் ஜாவாக்களைச் செய்த ஐடியல் ஜாவா, மைசூர் யாதவகிரியில் 1961-இல் தொடங்கி 1996-இல் மூடிய தொழிற்சாலை. அங்கே அடித்த பெயிண்ட் அரைகுறையாக மிச்சமிருந்தாலும், அதற்கு ஈடாக எந்தப் பட்டறையும் ஒன்று செய்துவிட முடியாது.

தயவுசெய்து எடுத்தவுடன் கிக்கரை மிதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊற விடுங்கள். அப்புறம் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். சுற்றினாலும் மகிழ்ந்துவிட வேண்டாம், கிராங்க் தண்டின் இரு முனையிலும் உள்ள ரப்பர் வளையங்களான ஆயில் சீல் இரண்டையும் மாற்றுங்கள். இந்த டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸ்தான் பெட்ரோல் கலவையை அழுத்தி மேலே அனுப்புகிறது. பதினொரு வருடம் காய்ந்த ரப்பர் வழியே காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறையும், என்ஜின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்க சீல் போனால் அங்கிருக்கும் ஆயிலை என்ஜின் உறிஞ்சிப் புகையாகத் தள்ளும். பலர் இதைப் பார்த்துவிட்டு பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று வீணாக போர் போடுகிறார்கள். சீலின் விலையோ மிகச் சொற்பம்.

நீங்கள் ஊரில் இல்லாத காலத்தில் பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். முன்புபோல டேங்க்கை நிரப்பி மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். நான் ஓட்டுகிற அளவுக்கு மட்டும் போட்டு, லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலக்கிறேன். நிறுத்தும்போது கார்புரேட்டரையும் காலி செய்துவிடுகிறேன்.

ஆர்.சி. விஷயத்தில் யாராவது விண்டேஜ் பதிவு செய்யச் சொல்வார்கள். 2021-இல் வந்த விதி அது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும் வண்டிகளுக்கு. உங்களுடையதும் அதில் வரும், பழைய நம்பரையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது மாதிரியான காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. காய்கறி வாங்கப் போகிற வண்டியாக இருக்கட்டும் என்று நினைத்தால், வழக்கமான எஃப்.சி. எடுத்து ஆர்.சி.யைப் புதுப்பிப்பதுதான் நல்லது. நான் அப்படித்தான் செய்தேன்.

சைலன்சர் விஷயம். அந்த மனிதர் செய்தது தவறுதான், நீங்கள் வருத்தப்பட்டதும் நியாயம்தான். 2018 நவம்பரில் ஜாவா என்ற பெயர் புது வண்டிகளோடு திரும்பி வந்த பிறகு பழைய வண்டிகளின் மேல் கவனம் கூடியது, விலை இன்னும் ஏறியது, வாங்கி விற்பவர்களும் பெருகினார்கள். ஆனால் அதே அலையில்தான் இந்தப் பையன்களும் வந்தார்கள். நான் திரும்பிப் போன முதல் ஞாயிறு, இருபத்துமூன்று வயதுப் பையன் ஒருவன் தன் எஸ்டியில், பிளக்கில் பொறி வரவைக்கும் பாயிண்ட்டின் இடைவெளி வைக்கத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தான். போனில் ஏழெட்டு வீடியோ பார்த்திருக்கிறான், கை மட்டும் பழகவில்லை. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை அவனிடமிருந்து வாங்கி ஒருமுறை வைத்துக் காட்டினேன். மறுவாரம் அவனே இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு அன்று வந்த சந்தோஷம், பளபளத்த டேங்க்கைப் பார்த்து யாரும் பாராட்டியபோது வரவில்லை.

சொல்லிக்கொடுக்க உங்களிடமும் விஷயம் இருக்கிறது. கியர் லீவரையே உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர் ஆகும் என்பதைச் சின்ன வயதில் அப்பா பக்கத்தில் நின்று பார்த்தவர் நீங்கள். கிளட்ச் பிடிக்காமலே அந்த லீவரை அழுத்தி கியர் மாற்றலாம் என்பது இந்தப் பையன்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்த மெக்கானிக்குகள் பலர் கடையை மூடிவிட்டார்கள், சிலர் இறந்தே போனார்கள். அவர்களிடம் பார்த்ததையும் கேட்டதையும் நீங்கள் சொன்னால்தான் உண்டு. நண்பர்களுக்குள் கைமாறும் ஸ்பேருக்கு வாங்கின விலைதான் என்ற வழக்கத்தையும் நீங்களே தொடங்கி வையுங்கள். எங்கள் குழுவில் மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்தோம், இப்போது பெரும்பாலும் நடக்கிறது.

ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா தினம். அதற்குள் வண்டி ஓடினால் ஓட்டி வாருங்கள், இல்லையென்றால் யார் பின்னாலாவது உட்கார்ந்து வாருங்கள்.

கொட்டகைக்குப் போனதும் முதலில் சைடு பாக்ஸ் மூடிகளைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். உங்கள் அப்பா ஏதாவது எழுதி வைத்திருந்தால் ஒரு படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.