அறுபதாம் கல்யாணத்துக்கு இன்ஸ்டன்ட் கேமரா

கேள்வி: பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கு வரும் உறவினர்களுக்கு அன்றே படம் எடுத்துக் கையில் கொடுப்பதற்காக, இன்ஸ்டாக்ஸ் மினி எவோ ஹைபிரிட் கேமராவை வாங்க விரும்புகிறேன். “அது டிஜிட்டல் கேமராவில் பிரின்டரை ஒட்டியதுதான்; அசல் இன்ஸ்டன்ட் கேமரா இல்லை” என்கிறான் தம்பி. வாங்கலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக வாங்கலாம். தங்கள் தம்பி சொல்வது பாதி உண்மை. இதில் லென்ஸ் வழியே வரும் ஒளி நேரே ஃபிலிமில் விழாமல், ஏறத்தாழ 50 லட்சம் பிக்சல் கொண்ட சென்சாரில் பதிவாகிறது. ஆனால் பிரின்ட் லீவரை இழுத்தபின் நடப்பது மை அச்சு அன்று. பதிவான படத்தைக் கேமரா வரிவரியாக ஒளியாக்கி ஃபிலிமின்மேல் பாய்ச்சுகிறது. ஃபிலிம் வெளியேறும்போது உருளைகள் அதன் ஓரத்திலுள்ள ரசாயனப் பசையை நசுக்கிப் பரப்ப, சுமார் 90 விநாடிகளில் உருவம் மெல்லத் துலங்குகிறது. சாதாரண இன்ஸ்டாக்ஸ் மினி கேமராவில் போடுவதும் இதே ஃபிலிம்தான்.

விசேஷ வீட்டுக்கு ஹைபிரிட்டே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. சாதாரண வகையில் ஒருவர் கண்ணை மூடிவிட்டாலும் தாள் வெளியே வந்துவிடும். ஒரு பாக்கெட்டில் இருப்பதோ 10 தாள்கள். இதில் திரையில் பார்த்து, பிடித்ததை மட்டும் பிரின்ட் போடலாம்; அத்தைக்குக் கொடுத்த படத்தையே சித்தப்பாவுக்கும் இன்னொன்று எடுத்துத் தரலாம்.

படத்தின் அளவு 62 மி.மீ.க்கு 46 மி.மீ. மட்டுமே என்பதால், இருபது பேரை நிறுத்தி எடுத்தால் முகங்கள் கடுகாகிவிடும். மூன்று நான்கு பேராக நிறுத்துங்கள். உள்நினைவகத்தில் சுமார் 45 படங்களே அடங்கும். முன்கூட்டியே மைக்ரோ எஸ்டி கார்டு போட்டுவிடுங்கள். இந்த ஃபிலிமுக்கு 5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பமே உகந்தது; வெயிலில் நிற்கும் காருக்குள் பாக்கெட்டை வைத்துவிட வேண்டாம். ஃபிலிம் போட்ட பிறகு, எண்ணிக்கை தீரும்வரை பின்மூடியைத் திறக்கவே கூடாது. ஒளி பட்டால் மிச்சத் தாள்கள் வீணாகும். வெளிவந்த படத்தை உதறுவதாலும் பயனில்லை.

கைப்பேசியிலுள்ள படங்களையும் புளூடூத் வழியே இதில் பிரின்ட் எடுக்கலாம். பெற்றோரின் பழைய கல்யாணப் படம் வீட்டிலிருந்தால், அதைக் கைப்பேசியில் பிடித்து, அதே அளவில் ஒரு பிரின்ட் எடுத்து, அன்றைய படத்துடன் சேர்த்து அவர்கள் கையில் கொடுங்கள்.