முன்தேதியிட்ட அழைப்பு

அன்புள்ள ஐயா,

குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கிறேன். பனிப்போர் பாடத்தில் ஒரு குழப்பம். ஹங்கேரி (1956), டொமினிக்கன் குடியரசு (1965), செக்கோஸ்லோவாக்கியா (1968) என்று தங்கள் அணியில் இருந்த நாடுகளில் நெருக்கடி வந்தபோது இரண்டு வல்லரசுகளும் படை அனுப்பியிருக்கின்றன. இவற்றில் எது ஓரளவு நாகரிகமாக நடந்துகொண்டது? அந்தந்த நாட்டுத் தலைவர்களே அழைத்ததால்தான் படை போனது என்று என் குறிப்புகளில் இருக்கிறது. அப்படியானால் அதை ஆக்கிரமிப்பு என்று சொல்வது சரியா? 1968இல் இந்தியா ஏன் கண்டிக்கவில்லை? சுருக்கமாகப் பதில் எழுதினால் உதவியாக இருக்கும். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

சுருக்கமாக எழுத எனக்கு வராது. இந்த வாரம் வரவே வராது. போன ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து அப்பாவின் தகரப்பெட்டியை இறக்கினேன். உள்ளே காய்ந்துபோன மைத்தட்டு ஒன்று இருந்தது. அன்றிலிருந்து ‘கூப்பிட்டார்கள், அதனால் வந்தேன்’ என்ற ஒரே வாக்கியம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்திருக்கிறது, அதுவும் தாளில், பேனாவால் எழுதி. அழகான கையெழுத்து. இந்தக் காலத்தில் இப்படி எழுதும் ஒருவர் தேர்வில் வென்றாக வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

எந்த வல்லரசு நாகரிகமானது என்ற கேள்வியை விட்டுவிடுவோம். வட்டிக்கடைக்காரர்களில் யார் நன்றாகச் சிரிப்பார் என்று கேட்பது போன்றது அது. 1968இல் இந்தியா ஐ.நா. பாதுகாப்பு அவையில் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. அதைப் பொறுக்காமல் அசோக் மேத்தா மத்திய அமைச்சர் பதவியை விட்டு விலகினார். ஆயுதம் யாரிடமிருந்து வந்துகொண்டிருந்தது என்று பாருங்கள், மீதி தானே புரியும்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. ‘தலைவர்களே அழைத்ததால்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தலைவர்கள்? எப்போது அழைத்தார்கள்? அந்தக் காகிதம் எங்கே? மூன்றில் ஒன்றையாவது கேட்டீர்களா? குறிப்புப் புத்தகத்தில் இருந்தது, மனப்பாடம் செய்தீர்கள். நாளை ஒரு மாவட்டத்தை உங்கள் கையில் கொடுப்பார்கள். யாரோ நீட்டும் தாளில் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, தேதியைப் பார்க்காமல் உத்தரவு போடுவீர்களா?

செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகுக்குள் படையை வரவழைத்த அழைப்பின் கதையைக் கேளுங்கள். 1968 ஆகஸ்ட் 3, பிராட்டிஸ்லாவாவில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களின் மாநாடு. மேடையில் செக்கோஸ்லோவாக்கியக் கட்சியின் முதல் செயலாளர் துப்செக்கும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் சகோதரத்துவம் பேசிக்கொண்டிருந்த நாள். செக்கோஸ்லோவாக்கியக் கட்சியின் வாசில் பிலாக் ஒரு கடிதத்தை வைத்திருந்தார். அவரோடு இந்த்ரா, கோல்டர், காபெக், ஷ்வெஸ்ட்கா ஆகியோரும் கையெழுத்திட்டது. ‘எங்கள் நாட்டைக் காப்பாற்ற உங்களிடம் உள்ள எல்லா வழிகளையும் கையாளுங்கள்’ என்பது சாரம். மிகுந்த ரகசியமாக இருக்கட்டும், அதனால்தான் ரஷ்ய மொழியிலேயே எழுதுகிறோம் என்றும் அதில் இருந்தது. அது கைமாறிய இடம் ஓர் ஆண்கள் கழிப்பறை. அங்கே சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் ஆள் ஒருவர் வாங்கி, உக்ரைன் கட்சித் தலைவர் ஷெலெஸ்ட்டிடம் சேர்த்தார். ஒரு நாட்டின் சார்பில் விடுக்கப்பட்ட அழைப்பு, தம்பி!

ஆகஸ்ட் 20 இரவு சோவியத் தலைமையிலான படை நுழைந்தது. செக்கோஸ்லோவாக்கியக் கட்சித் தலைமைக் குழு அந்த நடு இரவில் கூடி, இது குடியரசுத் தலைவருக்கோ பிரதமருக்கோ நாடாளுமன்றத் தலைவருக்கோ கட்சியின் முதல் செயலாளருக்கோ தெரியாமல் நடந்தது என்று அறிக்கை விட்டது. ஆதரவு ஏழு பேர், எதிர்ப்பு நான்கு பேர். கழிப்பறைக் கடிதத்தில் கையெழுத்திட்டவர்கள் தங்கள் சொந்தக் குழுவிலேயே தோற்றார்கள். புதிய அரசு அமைக்கலாம் என்று காத்திருந்த இந்த்ராவுக்கு முதிய குடியரசுத் தலைவர் ஸ்வோபோதா சம்மதம் தரவில்லை. ஊர்க்காரர்கள் தெருப்பெயர்ப் பலகைகளைக் கழற்றினார்கள். வழிகாட்டிப் பலகைகளில் இருந்த ஊர்ப்பெயர்களை அழித்துவிட்டு ‘மாஸ்கோ’ என்று எழுதி, அம்புக்குறியை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆனால் உலகத்துக்கு மாஸ்கோ சொன்னது, ‘அழைத்தார்கள், வந்தோம்.’ அழைத்தவர்களின் பெயரை மட்டும் சொல்லவில்லை. முத்திரையிட்ட உறைக்குள் கிடந்த அந்தக் கடிதத்தை 1992இல் ரஷ்ய அதிபர் யெல்ட்சின்தான் எடுத்துக் கொடுத்தார்.

ஹங்கேரியில் கதை இன்னும் கேவலம். சோவியத் படை புதாபெஸ்ட்டுக்குள் போனது 1956 அக்டோபர் 24 அதிகாலை. எழுத்தில் ஒரு கோரிக்கை இல்லையே என்ற நினைப்பு பிறகுதான் வந்தது. அங்கே சோவியத் தூதராக இருந்த ஆந்த்ரபோவ் வழியாக அது மாஸ்கோ போய்ச் சேர்ந்தது 28ஆம் தேதி. கையெழுத்திட்ட ஹெகெதூஷ் அதற்குள் பிரதமர் பதவியை இழந்திருந்தார். தாளில் தேதி மட்டும் 24.

சோவியத் மட்டும்தானா என்று துள்ளாதீர்கள். டொமினிக்கன் குடியரசின் தலைநகர் சாண்டோ டொமிங்கோவில், ராணுவக் குழுவின் தலைவர் கர்னல் பெனோயித் என்பவர் கம்யூனிஸ்டுகளைச் சொல்லித்தான் முதலில் அமெரிக்க உதவி கேட்டார். அது போதாது, ‘அமெரிக்கர்களின் உயிருக்குப் பாதுகாப்புத் தர எங்களால் இயலவில்லை’ என்று எழுதித் தாருங்கள் என்று அமெரிக்கத் தரப்பே சொல்லி வாங்கிக்கொண்டது. அழைக்கப்படுபவர் வாசகத்தைச் சொல்ல, அழைப்பவர் எழுதிக்கொடுத்தார். 20,000க்கும் மேற்பட்ட துருப்புகள் போயின.

அந்த மைத்தட்டைப் பார்த்ததும் இதெல்லாம் ஏன் நினைவுக்கு வந்தது என்று சொல்கிறேன். அப்பா பத்திர எழுத்தர். எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது, ஒரு ராத்திரி சாப்பிட்டு முடித்த நேரத்தில் வாசலில் நான்கு பேர் வந்து நின்றார்கள். எங்கள் ஊரில் அண்ணன் தம்பி இருவருக்குள் பங்குக் கிணற்றுத் தகராறு நடந்துகொண்டிருந்தது. இடையில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஆட்களோடு இறங்கிக் கிணற்றுமேட்டில் முள்வேலி போட்டுவிட்டார். இப்போது அவருக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது. தம்பிக்காரன் தானாகவே மூன்று மாதத்துக்கு முன்பு கிணற்றைக் குத்தகைக்கு விட்டதாக. முத்திரைத்தாள் விற்பவரும் கூடவே வந்திருந்தார். அவருடைய பதிவேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் கீழே இரண்டு வரி காலியாக விட்டிருப்பார். ஏன் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்பா எப்போதும் எழுதத் தொடங்குமுன் தேதியைத்தான் முதலில் போடுவார். அன்று மற்றதையெல்லாம் எழுதிவிட்டு, பேனாவை மூடி, மறுபடி திறந்து, கடைசியாகத் தேதியைப் போட்டார். அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். தம்பிக்காரனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எட்டாவது வரை படித்தவன். ஆனாலும் ரேகைதான் வைத்தான். வைத்துவிட்டு, விரலை எங்கள் திண்ணைத் தூணில் துடைத்தான். அந்த நீலக் கறை அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்வரை இருந்தது.

சாட்சிக் கையெழுத்து யார் போட்டது தெரியுமா? எதிர்த்தரப்பில், அதாவது அண்ணன்காரனுக்கு ஆதரவாக இத்தனை நாள் மீசையை முறுக்கிக்கொண்டு நின்ற இன்னொரு பெரிய தோட்டக்காரர். இருவருக்கும் ஜென்மப் பகை என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. அவருக்கும் வேறு ஒரு கிணறு, வேறு ஒரு காகிதம் தேவைப்பட்டிருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், அழைப்புக் கடிதத்தை மட்டும் படித்தால் போதாது, சாட்சி யார் என்று பாருங்கள். ஹங்கேரியர்களை எழுந்திருக்கத் தூண்டும் வகையில் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தது அமெரிக்கத் தரப்பு. ஆனால் அக்டோபர் 27 அன்று டல்லாஸ் நகரில் வெளியுறவுச் செயலர் டல்லஸ், இந்த நாடுகளை நாங்கள் ராணுவக் கூட்டாளிகளாகப் பார்க்கவில்லை என்று பேசினார். அது மாஸ்கோவின் காதில் விழாமல் போய்விடக் கூடாது என்று மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதர் போலன் மூலம் சோவியத் தலைவர்களுக்கு நேராகவே சொல்லி அனுப்பினார்கள். நவம்பர் 4 அன்று சோவியத் டாங்குகள் மறுபடி புதாபெஸ்ட்டுக்குள் புகுந்தன. சுமார் 2,500 ஹங்கேரியர்கள் செத்தார்கள், 2 லட்சம் பேர் எல்லை தாண்டினார்கள். பிரதமர் இம்ரே நாகியை 1958இல் தூக்கிலிட்டார்கள். 1968 ஆகஸ்ட் 20 மாலை சோவியத் தூதர் தோப்ரினின் வெள்ளை மாளிகைக்குப் போய், படை போகும் செய்தியை அமெரிக்க அதிபர் ஜான்சனிடம் வாசித்துக் காட்டினார். மறுநாள் காலையில் சோவியத் பயணத்தை அறிவிக்க இருந்தார் ஜான்சன். அந்த அறிவிப்பை அன்றிரவே நிறுத்தினார்கள். பிறகு ஐ.நா.வில் உரைகள், கண்டனங்கள். சாண்டோ டொமிங்கோ விஷயத்தில் மாஸ்கோ செய்ததும் அவ்வளவுதான். உன் வேலிக்குள் நீ, என் வேலிக்குள் நான்.

ஆப்கானிஸ்தானில் இந்தச் சாட்சி கிடைக்கவில்லை என்று நீங்கள் மறுக்கலாம். உண்மைதான். அது எந்த வேலிக்குள் இருந்தது என்பதில் இருவருக்கும் உடன்பாடு இல்லை. அங்கேயும் 1979 டிசம்பரில் ‘ஆப்கன் அரசின் அழைப்பின் பேரில்’ என்றுதான் அறிவித்தார்கள். படை கேட்டுத் திரும்பத் திரும்ப மாஸ்கோவை நச்சரித்த ஆப்கன் ஆட்சித் தலைவர் ஹபிசுல்லா அமீனை, வந்த படையே தாஜ்பெக் மாளிகையில் சுட்டுக் கொன்றது.

அந்தத் தம்பிக்காரன் இரண்டே வருடத்தில் ஊரை விட்டுப் போனான். போகும்போது எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிக்கொண்டுதான் போனான். அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏதோ பத்திரத்தில் சர்வே எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டார்.

நீங்கள் கேட்டதில் பாதிக்குக்கூட நான் பதில் சொல்லவில்லை என்பது தெரிகிறது. தேர்வுக்கு வேண்டியதை நூலகத்தில் தேடிக்கொள்ளுங்கள், உங்களுக்கு அந்தத் திறமை இருக்கிறது. இன்னொன்று. இவ்வளவு அழகாக எழுதிய கடிதத்தில் தேதி போடவில்லை. அப்பா இருந்திருந்தால் படிக்காமலே திருப்பிக் கொடுத்திருப்பார்.