ஓடிபி யார் போனுக்குப் போகிறது?

கேள்வி: அண்ணாச்சி, திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்தில் பிரவுசிங் சென்டரும் ஜெராக்ஸ் கடையும் வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் காலேஜுக்கு அப்ளிகேஷன் போட என்னிடம்தான் வருகிறார்கள். அம்மாமாரில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். "எங்களுக்கு என்னப்பா தெரியும், நீயே பாத்து நல்ல காலேஜா போட்டு விடு" என்கிறார்கள். நானே டிப்ளமோதான். போன வருஷம் ஒரு பிள்ளைக்கு அவள் அப்பா நம்பரைக் கொடுத்துப் பதிந்தோம். அவருக்குச் சென்னையில் மளிகைக் கடை. சீட் ஒதுக்கின மெசேஜ் அவர் போனுக்குப் போய், கடை அவசரத்தில் அவர் பார்க்காமலே விட்டு, உறுதி செய்யும் நாள் தாண்டிவிட்டது. இப்போது ஒரு ஏஜென்ட் வந்து, வெளியூர் இன்ஜினீயரிங் காலேஜுக்குப் பிள்ளை அனுப்பினால் ஆளுக்கு இவ்வளவு கமிஷன் என்கிறார். இந்தப் பிள்ளைகளுக்கு நான் எப்படி உதவுவது? ஒரு அப்ளிகேஷனுக்கு நூறு ரூபாய் வாங்குகிறேன், அது தப்பா? (பெயர் வேண்டாம்.)

பதில்: தம்பி, ஏஜென்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். அவர் உங்களுக்குத் தருகிற கமிஷன் அந்தப் பிள்ளை கட்டப்போகிற பணத்திலிருந்துதான் வருகிறது, வேறெங்கிருந்தும் இல்லை. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. ஏஜென்ட் வழியாகப் போகிற சீட் அநேகமாக மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கவுன்சலிங் இல்லாமல் காலேஜே நேரடியாக நிரப்புகிற சீட். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் சுயநிதிக் கல்லூரியில்கூட வருஷத்துக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, ஆனால் கவுன்சலிங்கில் சீட் வாங்கினால்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினீயரிங் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையுமே அரசு கட்டுகிறது, அதுவும் கவுன்சலிங்கில் வந்தால்தான். பீடி சுற்றுகிற ஒரு அம்மாவின் பிள்ளையை மேனேஜ்மென்ட் கோட்டாவில் தள்ளிவிட்டு நாம் கமிஷன் வாங்கினால், நாலு வருஷம் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

"இப்பவே அட்வான்ஸ் கட்டிப் போடுங்க, அப்புறம் சீட் கிடைக்காது" என்பார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். உண்மையில் வருஷா வருஷம் கவுன்சலிங் முடிந்த பிறகும் ஆயிரக்கணக்கான இன்ஜினீயரிங் சீட் காலியாகக் கிடக்கிறது. டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு "பணத்தைக் கட்டினால்தான் திருப்பித் தருவோம்" என்கிற இடத்தில் யாராவது சிக்கினால், ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று காலேஜ்களைக் கண்காணிக்கிற யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சொல்லியிருக்கின்றன என்பதை அந்தப் பெற்றோர் காதில் போடுங்கள்.

சரி, "நல்ல காலேஜா போட்டு விடு"க்கு வருவோம். நீங்கள் எந்தக் காலேஜ் பெயரையும் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரியாது என்பதால் இல்லை. பாளையங்கோட்டையில் அட்மிஷன் மேஜைக்கு இந்தப் பக்கம் பல வருஷம் உட்கார்ந்தவன் நான், நானே சொல்ல மாட்டேன். மானிட்டரைப் பிள்ளை பக்கம் திருப்பி வையுங்கள். அப்பா அம்மா பேசட்டும், மாமா பேசட்டும், மவுஸ் மட்டும் பிள்ளை கையில் இருக்கட்டும். நிறையப் பிள்ளைகள் தன் அப்ளிகேஷனில் என்ன போட்டிருக்கிறது என்றே தெரியாமல் எங்கள் முன்னால் வந்து நிற்கும். "எதுக்கும்மா இந்த சப்ஜெக்ட் கேட்டே?" என்றால், "கடைக்கார அண்ணன் போட்டாங்க" என்று பதில் வரும்.

அடுத்து போன். அந்தச் சென்னை மளிகைக் கடைக்காரர் மேல் குற்றமில்லை, பருப்பு நிறுக்கிற கையோடு யார் மெசேஜ் பார்ப்பார்கள்? பதிவு செய்கிற நம்பர் பிள்ளையோடு வீட்டில் இருக்கிற போனாக இருக்கட்டும். பிள்ளைக்கு போன் இல்லையென்றால் அம்மாவின் பட்டன் போன் போதும், ஓடிபி அதிலும் வரும். இரண்டு மாதத்துக்கு ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஈமெயிலைப் பிள்ளை பெயரிலேயே புதிதாக உருவாக்குங்கள். உங்கள் கடை நம்பரையோ கடை ஈமெயிலையோ மட்டும் போடவே போடாதீர்கள், ஆடி மாதம் நீங்கள் கோயில் கொடைக்குப் போயிருக்கிற நேரத்தில்தான் ஒதுக்கீட்டு மெசேஜ் வரும்.

இன்ஜினீயரிங்குக்கு டி.என்.இ.ஏ. என்கிற தமிழ்நாடு அரசு கவுன்சலிங்கில் ஒரே விண்ணப்பம்தான், ரேங்க் கணக்குதான் பலருக்குப் புரிவதில்லை. "அண்ணே, 480 எடுத்திருக்கேன், என்ன கிடைக்கும்?" என்று கேட்பார்கள். 600-க்கு எடுத்த 480 இங்கே செல்லாது, தமிழும் இங்கிலீஷும் இந்தக் கணக்கில் வராது. கணக்கு மார்க் முழுசாக, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200. கணக்கில் 82, இயற்பியலில் 76, வேதியியலில் 70 என்றால் 82, 38, 35, ஆக கட்-ஆஃப் 155. இதைப் போட்டுக் காட்டிவிட்டு, போன வருஷம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு, உங்கள் சமூகப் பிரிவுக்கு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்கிற பட்டியல் டி.என்.இ.ஏ. தளத்திலேயே இருக்கிறது, அதைப் பிரின்ட் போட்டுக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். ஒரு நோட்டில் கல்லூரியின் கோடு நம்பர், பிரிவு என்று விருப்ப வரிசையை எழுதிக்கொண்டு வரட்டும். கடையில் உட்கார்ந்து, பின்னால் ஆறு பேர் நிற்க, அவசரத்தில் ஐந்து கல்லூரியை மட்டும் போட்டுவிட்டுப் போவதுதான் பெரிய கேடு. எத்தனை வேண்டுமானாலும் போடலாம். வரிசையில் இன்னொரு தப்பும் நடக்கிறது, நிச்சயம் கிடைக்கும் என்று நினைக்கிற கல்லூரியை மேலே போடுகிறார்கள். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்த்து, முதலில் எது கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஆசைப்படுகிற கல்லூரியை முதலில் போட்டால் நஷ்டமே இல்லை, கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு உறுதி செய்ய இரண்டே நாள்தான் இருக்கும். சேர்ந்துகொள்கிறேன், வைத்துக்கொண்டு மேலே கிடைக்குமா என்று காத்திருக்கிறேன், வேண்டாம் என்று பல பட்டன்கள் வரும். அந்தப் பக்கத்தைப் பிள்ளை வாய்விட்டுப் படித்த பிறகுதான் அழுத்த வேண்டும். உங்கள் வியாபாரத்துக்குக் கெடுதலாக ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள்: மாவட்டந்தோறும் டி.என்.இ.ஏ. சேவை மையம் இருக்கிறது, அங்கே பதிவு செய்யத் தனியாகக் காசு கிடையாது, சந்தேகமும் கேட்கலாம். சிக்கலான கேஸை அங்கே அனுப்பிவிடுங்கள்.

உங்கள் உதவி உண்மையில் தேவைப்படுகிற மாதம் மே இல்லை, ஏப்ரல். பரீட்சை முடிந்து பிள்ளைகள் சும்மா இருக்கிற நேரம். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் அப்போதே இ-சேவையில் போட்டுவிட்டால், மே மாதம் தாலுகா ஆபீஸில் கூட்டத்தோடு நிற்க வேண்டாம். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே டிகிரி முடித்திருந்தால் முதல் பட்டதாரிச் சான்று கிடையாது, மறைத்து வாங்கலாம் என்று யாராவது கேட்டால் கைகழுவிவிடுங்கள். அதே ஏப்ரலில் பெயரையும் சரிபாருங்கள். நம்ம பக்கத்தில் இசக்கியம்மாள், இசக்கிமுத்து இல்லாத தெரு ஏது? ஆதாரில் இங்கிலீஷ் E எழுத்தில் தொடங்கி ஒரு ஸ்பெல்லிங், மார்க் ஷீட்டில் I எழுத்தில் தொடங்கி இன்னொன்று, பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால், பள்ளிக்கூடத்தில் பின்னால். உதவித்தொகை வருகிற நேரத்தில் இதுதான் வந்து வழிமறிக்கும். மார்க் ஷீட்டில் இருப்பதுபோல ஆதாரை மாற்றுவது சுலபம், மார்க் ஷீட்டை மாற்றுவது லேசில் நடக்காது.

7.5 சதவீதத்தில் நம்ம மாவட்டத்துக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இங்கேயோ சர்ச் நடத்துகிற டி.டி.டி.ஏ. பள்ளி, ஆர்.சி. பள்ளி என்று எட்டாவது வரை உதவிபெறும் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதாவதில் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் எக்கச்சக்கம். "கவர்மென்ட் ஸ்கூல்தானே சார்" என்று டிக் அடித்துவிடுவார்கள், சரிபார்ப்பில் அடிபடும். ஆறாவது எங்கே படித்தாய் என்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் போதும். மாதம் ஆயிரம் ரூபாய் வருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் வேறு கணக்கு, உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அது கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகவே போடுவது, உங்கள் கடையில் இல்லை. பீடி சுற்றும் அம்மாவிடம் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறையின் உதவித்தொகை தனியாக இருக்கிறது, தேசிய உதவித்தொகைத் தளத்தில் போட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இன்ஜினீயரிங் மட்டுமே காலேஜ் இல்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் உங்கள் கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். எந்தப் பிள்ளையும் ஒரே விண்ணப்பத்தோடு கடையை விட்டுப் போகக் கூடாது. அரசு கலைக் கல்லூரிகளுக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. தளத்தில் ஒரே விண்ணப்பம், செலவும் பெரிதாக இல்லை. பெண் பிள்ளைக்கு திருநெல்வேலி ராணி அண்ணா, பையனுக்கு சுரண்டை காமராஜர் கல்லூரி என்று அதிலேயே தேர்ந்தெடுக்கலாம். பாளையங்கோட்டையில் சேவியர்ஸ், ஜான்ஸ், சதக்கத்துல்லா, சாரா டக்கர் போன்றவற்றுக்கு அந்தந்தக் கல்லூரியில் தனித்தனியாகப் போட வேண்டும். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஒரே கல்லூரி, ஒரே பட்டம், ஆனால் அரசு உதவி பெறுகிற எய்டட் வகுப்புக்கு ஒரு ஃபீஸ், சுயநிதி வகுப்புக்கு அதைவிடக் கூடின ஃபீஸ். ஃபாரத்தில் எதை டிக் அடிக்கிறோம் என்று தெரியாமல் அடித்துவிட்டு, ஃபீஸ் கட்டுகிற அன்றைக்குக் கவுண்டர் முன்னால் அழுத அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். எய்டட் முதலில், சுயநிதி அடுத்து.

ரிசல்ட் வந்த பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லாதவையும் உண்டு. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தானே இருக்கிறது, நல்ல மார்க்தானே என்று மே மாதம் வந்து நிற்பார்கள். சித்தாவுக்கும் நீட் வேண்டும், அதன் விண்ணப்பமோ பரீட்சைக்கு முன்னாலேயே முடிந்திருக்கும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கான ஜே.இ.இ., மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் எல்லாம் இதே மாதிரிதான். அதனால் டிசம்பரிலேயே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கடை வாசலில் ஒட்டுங்கள். மாறாக, ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மாநில ஒதுக்கீட்டுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மார்க்தான். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியும் மார்க்தான். இரண்டுக்கும் டி.என்.இ.ஏ.வோடு சம்பந்தமில்லாத தனி விண்ணப்பம். உயிரியல் படித்த பிள்ளை வந்தால் இந்த இரண்டையும் காதில் போட்டு வையுங்கள்.

நூறு ரூபாய் வாங்குவது தப்பே இல்லை, உழைப்புக்குக் கூலி. ஆனால் விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு என்று பிரித்து போர்டில் எழுதிப் போடுங்கள், யாரும் பின்னால் வந்து பேச்சு வைக்க இடம் இருக்காது. யூசர் ஐடி, பாஸ்வேர்டு, விண்ணப்ப எண் மூன்றையும் ஒரு தாளில் பிரின்ட் எடுத்துப் பிள்ளை கையில் கொடுங்கள், அப்பாவிடம் இல்லை. பிறகு உங்கள் பிரவுசரில் சேவ் ஆன பாஸ்வேர்டையும், டெஸ்க்டாப்பில் கிடக்கிற ஆதார், சாதிச் சான்று ஸ்கேன்களையும் அன்றன்றைக்கே அழித்துவிடுங்கள், முக்கியமாக அந்த ஏஜென்ட் அடுத்த தடவை கடைக்கு வருவதற்குள்.