மான்கொம்பா, மாட்டெலும்பா, மரமா?

கேள்வி: என் மகன் அர்ஜென்டினாவில், புவெனஸ் ஐரிஸில் வேலை பார்க்கிறான். லீவில் வரும்போது அவன் அப்பாவுக்கு, அங்கே சுட்ட இறைச்சி விருந்துக்கு வைத்திருக்கும் கைவேலைக் கத்தி ஒன்று வாங்கி வருகிறானாம். மான்கொம்பு, மாட்டெலும்பு, மரம் என்று மூன்று பிடிகளின் படம் அனுப்பியிருக்கிறான். எதை வாங்கச் சொல்லட்டும்? கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று என் மாமியார் வேறு முனகுகிறார். - ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் மான்கொம்பை விட்டுவிடச் சொல்லுங்கள் தங்கச்சி. அங்கே பிடி போடும் கொம்புகளில் நம் புள்ளிமான் கொம்பும் உண்டு. வேட்டைக்காகக் கொண்டுபோய் விட்ட மான், பெருகி, எல் பால்மார் தேசியப் பூங்காவில் சுட்டுக் குறைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அங்கே அது தொல்லை. இங்கேயோ 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. "இது அர்ஜென்டினா மான் சார்" என்று விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.

மாட்டெலும்பு பார்க்க அழகு. அந்த அழகில்தான் நான் ஏமாந்தேன். கப்பலில் சமையற்காரனாக இருந்தபோது, சான் டெல்மோ ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒன்று வாங்கினேன். தந்தம் போல வெளுத்த பிடி, அதில் பூச்செதுக்கல், கழுத்தில் பளபளவென்று ஒரு பூண். வெள்ளியா என்று கேட்டேன். "அல்பாக்கா" என்றார் கடைக்காரர். வேறொன்றுமில்லை, நம் வீட்டுப் பூஜைத் தட்டில் இருக்கும் ஜெர்மன் சில்வர்தான். செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி பொட்டுகூடக் கிடையாது. போகட்டும், அவர் பொய் சொல்லவில்லையே.

இரண்டு மாதம் கழித்து உதவிப் பையன் அதை வெந்நீர்த் தொட்டியில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டுவிட்டான். காலையில் எலும்பில் நீளவாக்கில் கீறல். அலகு லொடலொடவென்று ஆடியது. பிரித்துப் பார்த்தால் பிடிக்குள்ளே போன இரும்பு கட்டைவிரல் நீளம்கூட இல்லை, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பூண் அதை மறைத்துவிட்டது. அதனால் உங்கள் மகன் பூணும் பிடியும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்கட்டும், நகம் எங்கும் இடறக் கூடாது. இரும்பு பிடிக்குள் எதுவரை போகிறது என்றும் கேட்கட்டும். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கடை.

என் ஓட்டு மரத்துக்கு. கெப்ராச்சோ என்று ஒரு மரம், பெயருக்கே 'கோடரி உடைப்பான்' என்று அர்த்தம். தண்ணீரில் போட்டால் மூழ்கும். இறைச்சி சுடவும் அங்கே அந்த மரத்தின் கரியைப் போடுவார்கள்.

அலகு 15 செ.மீ. இருந்தால் போதும். அது கசாப்புக் கத்தியல்ல, சாப்பிடுகிறவரின் கத்தி. அங்கத்து மாட்டுக்காரர்களான கௌச்சோக்கள் அதை முதுகுப்பக்கம் இடுப்பில் செருகியிருப்பார்கள். உப்பு மட்டும் போட்டுச் சுட்ட விலாக்கறியைப் பல்லில் கவ்வி, உதட்டுக்குப் பக்கத்தில் சர்ரென்று அறுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். முதல் தடவை பார்த்தபோது என் மூக்கை நான் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். உங்கள் வீட்டுக்காரர் தட்டில் வைத்தே அறுக்கட்டும்.

கத்தி, செக்-இன் பெட்டியில் வர வேண்டும். கைப்பையில் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள். மாமியாருக்கு ஒரு சமாதானம் இருக்கிறது: அங்கேயும் இதே பயம் உண்டு. பரிசைப் பெறுகிறவர் பதிலுக்கு ஒரு நாணயம் கொடுத்துவிடுவார், பரிசு வியாபாரமாகிவிடும். அப்பா ஒரு ரூபாய் எடுத்து வைத்திருக்கட்டும்.

கேள்வி: மச்சான் கொடுத்த அர்ஜென்டினாக் கத்தி ஒரே மாதத்தில் கறுத்துவிட்டது. போலியா? - ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை தம்பி, துருப்பிடிக்காத எஃகாக இருந்தால்தான் கறுக்காது. இது கார்பன் எஃகு. இறைச்சி பட்டுப் பட்டு நீலமும் சாம்பலுமாக மாறுவது நல்லதே. அந்தப் படலம் துருவைத் தள்ளிப்போடும். செம்பழுப்பாகப் பொடி வந்தால்தான் கவலை. கழுவியதும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், தோல் ஈரம் பிடிக்கும். தணலைக் கிளற அந்தக் கத்தியை எடுக்காதீர்கள், சூட்டில் பதம் போய்விடும். முக்கியமாக, வீட்டில் யாராவது பளிச்சென்று ஆக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்க்கக் கிளம்பினால், கத்தியைப் பிடுங்கிக்கொண்டு பித்தளைக் குத்துவிளக்கைக் கையில் கொடுங்கள்.