சுரங்கச் செலவுக்குத் தங்க விலை இறங்குமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆவணியில் மகளுக்குத் திருமணம். இருபது சவரன் வேண்டும். சுரங்கத்தில் தங்கம் எடுக்க ஆகும் செலவு கடை விலையில் பாதிதான் என்கிறார்கள். விலை இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா? ஆப்பிரிக்கச் சுரங்கத்தில் பணம் போட்டால் அடக்க விலைக்கே தங்கம் கிடைக்கும் என்று சொன்ன முகவரிடம் ஐம்பதாயிரம் கொடுத்திருக்கிறேன்.

பதில்: காத்திருக்க வேண்டாம். அந்த முகவரிடம் இனி ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

செலவுக் கணக்கு ஓரளவு உண்மைதான். 2024இல் ஓர் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், எடுக்க உலகச் சராசரிச் செலவு 1,400 முதல் 1,500 டாலர். சராசரி விலை 2,380 டாலரை ஒட்டி இருந்தது. ஆனால் தங்கம் தக்காளி அல்ல, இந்த ஆண்டு விளைச்சலை வைத்து விலை சொல்ல. இதுவரை தோண்டிய இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட தங்கம் அநேகமாக முழுவதும் பெட்டகங்களிலும் கழுத்துகளிலும் இருக்கிறது. சுரங்கங்கள் ஆண்டுக்குச் சேர்ப்பது ஏறத்தாழ 3,600 டன். கையில் வைத்திருப்பவர்கள் விற்கிறார்களா, இன்னும் வாங்குகிறார்களா என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. 2022 முதல் 2024 வரை மத்திய வங்கிகள் ஆண்டுதோறும் ஆயிரம் டன்னுக்கு மேல் வாங்கின.

விலை இறங்கவே இறங்காது என்று சொல்லவில்லை. 2011இல் 1,900 டாலரைத் தொட்ட தங்கம் 2015 இறுதியில் 1,050க்கு வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின. உங்கள் ஆவணி அவ்வளவு காலம் காத்திருக்காது.

செலவு முக்கியமாகும் இடம் ஒன்று உண்டு: விலை செலவுக்கும் கீழே போகும்போது. கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். நம் வட ஆர்க்காட்டுக் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்த சுரங்கம், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது, பாறையில் தங்கம் குறைந்தது. அப்போதும் உடனே மூடவில்லை. பல ஆண்டுகள் நட்டத்திலேயே ஓடி 2001 பிப்ரவரியில்தான் மூடினார்கள். அதனால் உலக விலை அசையக்கூட இல்லை. அசைந்தது அங்கிருந்த குடும்பங்களின் வாழ்க்கை.

இப்போது முகவர். அடக்க விலைக்குத் தங்கம் தோண்டுகிறவர், உலகச் சந்தையில் முழு விலைக்கு விற்காமல் உங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஏன் வருகிறார்? சுரங்கத்தின் படம், வெளிநாட்டு முத்திரை போட்ட சான்றிதழ், முதல் இரண்டு மாதம் தவறாமல் வரும் 'லாபம்': இதே வரிசையை எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முதலீட்டாளர் பாதுகாப்புக்குத் தமிழ்நாட்டில் 1997இலிருந்தே சட்டம் இருக்கிறது. 2019இல் மத்தியச் சட்டமும் வந்தது. ஆனால் பணம் போன பிறகுதான் அதிகாரிகள் விழிக்கிறார்கள். சொத்தை முடக்கி ஏலம் விட்டுப் பணம் கைக்கு வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

நகையை மாதாமாதம் நான்கைந்து சவரனாகப் பிரித்து வாங்குங்கள். செய்கூலி, சேதாரத்தைப் பில்லில் தனியாக எழுதச் சொல்லி நான்கு கடைகளில் ஒப்பிடுங்கள். அங்கே மிச்சமாவது கையில் நிற்கும். ஹால்மார்க்கில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கக் குறியீட்டை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபாருங்கள்.

ஐம்பதாயிரத்துக்கு ரசீது இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றாலும் வங்கிப் பதிவும் குறுஞ்செய்திகளும் போதும். பணத்தை எழுத்து மூலம் இன்றே திருப்பிக் கேளுங்கள். ஒரு வாரத்தில் வராவிட்டால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள்.