ஆங்கிலக் குறுக்கெழுத்து: ‘ரோமில் நடக்கும் ஓபரா’ (இசை நாடகம்), 5 எழுத்து

இரண்டாவது ‘ஓ’ (O), கடைசி ‘ஏ’ (A) என்பதால் ‘நார்மா’ (Norma) போட்டிருக்கிறீர்கள், குறுக்கே வரும் சொற்கள் இடிக்கின்றன, சரிதானே? விடை ‘டோஸ்கா’ (Tosca). இரண்டுக்கும் அதே இடங்களில் அதே எழுத்துகள். நானும் ஒருமுறை இதில் மாட்டி, பேனாவால் எழுதிவிட்டு முழித்திருக்கிறேன்.

இசையமைப்பாளர் பெல்லினியின் நார்மாவிலும் ரோமானியர்கள் வருவார்கள், ஆனால் கதை நடப்பது அவர்கள் பிடித்து வைத்திருந்த ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டில். புச்சினியின் டோஸ்காவோ 1800 ஜூன் மாத ரோமிலேயே நடக்கிறது. முதலில் மேடையேறியதும் அங்கேதான், 1900-இல். ‘கோட்டையிலிருந்து குதித்தவள்’ என்று குறிப்பு வந்தாலும் இவள்தான். நார்மா தீயில் இறங்குகிறவள்.

அப்புறம், ‘ஏ’-யில் தொடங்கி ‘ஏ’-யில் முடியும் அந்த நாலெழுத்துக் கட்டம். குறிப்பில் தனிப்பாட்டு என்றிருந்தால் ‘ஆரியா’ (Aria). எகிப்து, எத்தியோப்பிய இளவரசி, வெர்டி, 1871 கெய்ரோ, இதில் எது வந்தாலும் வெர்டியின் ஓபரா ‘ஐடா’ (Aida). நாலில் மூன்று உயிரெழுத்து இருப்பதால் புதிர் போடுகிறவர்களுக்கு இவள் செல்லப்பிள்ளை. மூன்றாவது எழுத்தைக் குறுக்கே பார்த்துவிட்டு எழுதுங்கள்: ‘ஐ’ என்றால் பாட்டு, ‘டி’ என்றால் இளவரசி.

வெர்டியின் ‘ஒட்டெல்லோ’ (Otello) கேட்டால் 6 எழுத்துதான். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் இருக்கிற ‘எச்’ இத்தாலியத் தலைப்பில் கிடையாது.